எண்பத்தைந்து என்று எழுதிய நாள்

பேஸ்போல் ஸ்கோர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நாலு பேருக்கும்,

பயிற்சி வகுப்பை முடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். இஷொயிலிருந்து இரண்டு பேர், ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒருவர், பிராண்டேயிலிருந்து சனிக்கிழமை தோறும் காரோடி வந்து படித்த பிள்ளை ஒன்று. மெத்தச் சந்தோசம். "அன்ரி, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, டேனிஷிலை எழுதினால் எங்களுக்கு லேசு" என்று கேட்டீர்கள். டேனிஷில் எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை அறிக்கை எழுதத் தெரியும். கொம்யூனுக்கு, அதுதான் நகரசபைக்கு, கடிதம் எழுதத் தெரியும். கோபத்தை எழுதத் தெரியாது. இது கோபத்தோடு எழுதுகிற கடிதம், ஆகவே தமிழில்தான். வாசிக்கக் கஷ்டமான இடத்தில் அப்பா அம்மாவைக் கேளுங்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

எந்தக் கட்டத்தில் எந்தக் குறியைப் போடுவது என்பதை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்ல நான் தேவையில்லை. எபனேசரின் பாராட்டு விழாவில் நான் செய்ததைப் பற்றி இஷொயில் இப்போது ஆளுக்கொரு கதை. மலருக்கு விசர் பிடித்துவிட்டது என்று தமிழ்க் கடையில் வைத்தே ஒருவர் சொன்னாராம். சொல்லட்டும். நீங்கள் முழுக்கதையையும் என்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதில் நான் நல்லவளாக வரமாட்டேன், முதலே சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய மகன் எட்டு வயதில் பேஸ்போல் விளையாடப் போனான். இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தை விட்டு அதை விளையாடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். மூன்றாம் கிழமை, ஸ்கோர் எழுத ஒரு பெற்றோர் வேண்டும் என்றார்கள். எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எப்படியும் குளிருக்குள் இருக்கத்தானே வேண்டும் என்று நான் கையைத் தூக்கினேன். மகன் ஒரு வருசத்தில் விட்டுவிட்டான். நான் இருபத்திநாலு வருசம் இருந்தேன்.

ஏன் இருந்தேன் என்றால், வேலையிடத்தில் நான் வாய் திறந்தால் யாராவது என் டேனிஷைத் திருத்துவார்கள். கடையில் திருத்துவார்கள், பள்ளிக்கூடத்தில் என் சொந்தப் பிள்ளை திருத்துவான். ஸ்கோர் மேசையில் நான் எழுதினால் எழுதினதுதான். பந்து எப்படிப் போனது, யார் விட்டது, யார் பிடித்தது என்று நான் தீர்மானிக்க வேண்டும். அம்பயரே வந்து என்னுடைய தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போவார். அந்த மரியாதைக்காகத்தான் இருந்தேன். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவ தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற ஒரு டேனிஷ் மனுசி. என் வயதுதான். ஓயாமல் சிகரெட் பிடிப்பா, அதிகம் கதைக்க மாட்டா. முதல் வருசம் ஒரு மட்சில், எங்கள் ரீமில் ஒரு தமிழ்ப் பொடியன் நேராக வந்த பந்தைக் காலுக்கிடையில் விட்டுவிட்டான். அது தடுப்பவனின் பிழை என்று எழுத வேண்டும். பத்து வயதுப் பிள்ளை, முகம் வாடிப்போய் நின்றான். நான் மனமிரங்கி அதை அடித்தவனின் நல்ல அடி என்று எழுதிவிட்டேன். தபால் கந்தோர் மனுசி தாளை எட்டிப் பார்த்தா.

"இதையா நீ பார்த்தாய்?"

"பிள்ளை பாவம்" என்றேன்.

"பந்து எறிந்த பிள்ளையும் பாவம்தான். அவன் நன்றாக எறிந்தான். நீ அவனுடைய கணக்கில் ஒரு அடியை ஏற்றிவிட்டாய்."

நான் திருத்தவில்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு இருந்தேன். மட்ச் முடிந்ததும் அந்தப் பொடியனே மேசைக்கு வந்து தாளைப் பார்த்தான். விரலை வைத்துக் காட்டி டேனிஷில் சொன்னான்: "அன்ரி, இது என்னுடைய பிழை. ஏன் வேறு மாதிரி எழுதியிருக்கிறீங்கள்?"

அவன்தான் எபனேசர்.

எபனேசரின் தகப்பன் செல்வராசா பஸ் ஓடுகிறவர். எங்கள் கட்டடத்திலிருந்து மூன்றாவது கட்டடத்தில் குடியிருந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. எபன் சனிக்கிழமை மட்சுகளில் மட்டும்தான் விளையாடுவான். பதின்மூன்று வயதில் ஒரேயடியாக வளர்ந்து, பந்து எறிபவனாக வந்தான். நான் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் எறிகளை எழுதியிருக்கிறேன். அவனுடைய பந்து போய்க் கையுறைக்குள் விழுகிற சத்தத்தில், பின்னால் கோப்பி குடித்துக்கொண்டு ஊர்க்கதை கதைக்கிற பெற்றோர்கள் கதையை நிற்பாட்டித் திரும்பிப் பார்ப்பார்கள்.

பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எபனுக்கு அப்போது பதினாலு. எங்கள் கோச் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாப் பெற்றோருக்கும் அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அவர் நேரே செல்வராசா வீட்டுக்குப் போய்க் கேட்டார். செல்வராசா மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு, ஒரு தரம் மட்டும் என்று விளையாட விட்டார். தானும் வந்தார். ஆராதனைக்குப் போகிற அதே கோட்டு ரையோடு வந்து என்னுடைய மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் பார்த்த முதல் மட்ச் அது.

இனி ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் எண்பத்தைந்து எறிதான் எறியலாம். எலும்பு முற்றாத முழங்கை அதற்குமேல் தாங்காது. எறியை எண்ணுவது ஸ்கோர் எழுதுகிறவரின் பொறுப்பு. எண்பத்தைந்து வந்ததும் அம்பயரிடம் சொல்ல வேண்டும், பிள்ளையை மாற்ற வேண்டும். மற்ற ரீமும் ஒரு ஆளை வைத்து எண்ணலாம். அன்றைக்கு அவர்களுடைய ஆளுக்குச் சுகமில்லை. "உங்களுடைய எண்ணிக்கையே போதும், உங்களை எங்களுக்குத் தெரியும்தானே" என்றார்கள். தபால் கந்தோர் மனுசியும் அந்த வருசம் மகளோடு நாட்டின் மற்றப் பக்கம், யூலாந்துக்குப் போய்விட்டா. மேசையில் நான் ஒருத்தி.

ஏழு சுற்று ஆட்டம். ஐந்தாவது சுற்று முடிய எங்கள் ரீம் ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு. என் தாளில் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் பதினேழு கட்டு. எண்பத்தைந்து. அம்பயரிடம் போக எழும்புகிறேன், கோச் வந்து நின்றார்.

"எத்தனை வைத்திருக்கிறாய்?"

"எண்பத்தைந்து. முடிந்தது."

அவர் சிரித்துக்கொண்டு தன் கையிலிருந்த எண்ணும் கருவியைக் காட்டினார். அதில் அறுபது என்று இருந்தது. "பயிற்சி எறிகளையும் சேர்த்து எண்ணியிருப்பாய்."

"இல்லை. ஒன்றும் சேர்க்கவில்லை."

அவர் குனிந்து, குரலைத் தணித்து, மிகவும் அன்பாகச் சொன்னார்: "மலர், டேனிஷ் எண்கள் வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கஷ்டம்தான். அறுபதும் எண்பதும் எங்களுடைய பிள்ளைகளுக்கே குழம்பும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைகள் நாலு வருசம் உழைத்திருக்கிறார்கள். ஒரு பென்சில் பிழையால் அதைக் கெடுத்துவிடாதே."

பிள்ளைகளே, நான் எண்ணுவது தமிழில். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் தமிழில்தான் எண்ணுகிறேன், இருபத்திநாலு வருசமும் அப்படித்தான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நாற்பது பெற்றோர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் டேனிஷில் வாதாடி, சொல் தடுக்கி, எண் தெரியாத வெளிநாட்டு மனுசி எங்கள் கிண்ணத்தைக் கெடுத்தாள் என்று பேர் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. அழிறப்பரை எடுத்தேன். ஐந்து கட்டை அழித்தேன். பன்னிரண்டு கட்டு மிஞ்சியது. அறுபது.

அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"அக்கா, என்னவாம்?" செல்வராசா பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லைத் தம்பி. கணக்குப் பாக்கினம்."

"பிள்ளை கையை உதறி உதறிப் பாக்கிறான். களைச்சுப்போனான் போல கிடக்கு. விட்டிட்டு வரச் சொல்லுவமோ? எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"இன்னும் கொஞ்சம்தான் தம்பி. பயப்பிடாதேங்கோ."

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். கோச் என் வாயில் வைத்துவிட்டுப் போகவில்லை.

எபன் இன்னும் இரண்டு சுற்று எறிந்தான். இருபத்தைந்து எறி. கடைசி ஆளை அவன் வீழ்த்தியபோது என் தாளில் மிகச் சரியாக எண்பத்தைந்து கோடு இருந்தது. உண்மையில் நூற்றிப்பத்து. ரீம் வென்றது. எல்லாரும் அவனைத் தூக்கினார்கள். கிண்ணத்தை இடது கையால் வாங்கினான். செல்வராசா ரையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். நான் தாளின் கீழே கையெழுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எபனின் தாய் போன் எடுத்தா. "அக்கா, இவனுக்கு வலது கையைத் தூக்கிச் சீப்பாலை தலை இழுக்க ஏலாமல் கிடக்கு. டொக்டரிட்டை வந்து நிக்கிறம். அண்டைக்கு எத்தினை தரம் எறிஞ்சவன் எண்டு கேக்கிறார். உங்களிட்டைத்தானே கணக்கு."

டொக்டர் கேட்கிறார். தாய் கேட்கிறா. வேலையிடத்துச் சமையலறையில் என்னையும் இரண்டு பெரிய பானையையும் தவிர யாருமில்லை. மறைக்கச் சொல்லி ஒருவரும் என் முன்னால் நிற்கவில்லை. நான் "எண்பத்தைந்து" என்றேன். தாய் அதை டேனிஷில் டொக்டருக்குத் திருப்பிச் சொல்லுவது எனக்குப் போனில் கேட்டது.

இதைப் படிக்கிற நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். மைதானத்தில் நான் அழித்ததற்கு ஒரு காரணமாவது இருந்தது, பயம். போனில் சொன்னதற்கு அதுவும் இல்லை. ஒரு தரம் கையெழுத்து வைத்த பிறகு, அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றுவதே என் வேலையாகிவிட்டது.

அந்தக் கிழமைக்குள் மனம் கேளாமல் கிளப்பின் நிர்வாகக் குழுவிடம் போனேன். அழித்த கோடுகளின் தடம் தாளில் அப்படியே இருந்தது, சாய்த்துப் பிடித்தால் தெரியும். மூன்று பேர் இருந்தார்கள், கோச்சும் ஒருவர். மேசையில் கோப்பியும் கேக்கும். தலைவர் என் தாளைத் தொடவே இல்லை.

"இது வெளியில் போனால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினைந்து பிள்ளைகள் பதக்கத்தைக் கழற்ற வேண்டும். அதைத்தானா நீ விரும்புகிறாய்?"

"ஒரு பிள்ளையால் கையைத் தூக்க முடியவில்லை" என்றேன்.

"பிள்ளைகளின் கை ஆறிவிடும். கையெழுத்து வைத்தது நீதானே, மலர்?"

கோச் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எனக்குக் கேக் வெட்டித் தந்தார். அதை நான் தின்றேன். தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எபனின் வீடு மூன்று கட்டடம் தள்ளி. போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு மட்சிலும் பென்சிலால் எழுதவில்லை, பேனாதான். பேனாவால் எழுதி என்ன? திருத்தி எழுத வேண்டிய தாள் பழைய அலுமாரிக்குள் கிடந்தது.

எபன் ஒரு வருசம் பந்தைத் தொடவில்லை. பிறகு, எறிகிற விதத்தையே மாற்றித் திரும்பி வந்தான். பத்தொன்பது வயதில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி புலமைப்பரிசில் கொடுத்து எடுத்தது. அங்கே அவன் செய்தவற்றை எழுதினால் இந்தக் கடிதத்தில் இடம் காணாது. முதல் வருசமே முதல் எறிபவனாக நின்றான். அவர்களுடைய கல்லூரிப் பிரிவில் சிறந்த எறிபவன் என்ற விருது இரண்டு வருசம் தொடர்ந்து கிடைத்தது. ஒரு முழுப் பருவம் தோல்வியே இல்லாமல் எறிந்தான். தொழில்முறை ரீம்களிலிருந்து ஆட்கள் வந்து வேலியோரம் குந்தியிருந்து அவனுடைய வேகத்தை அளந்தார்களாம். இங்கே எங்களுடைய சனம் என்ன சொன்னது தெரியுமா? "பந்தெறியவே அமெரிக்கா போனவன்? டொக்டருக்குப் படிக்கேல்லையோ?"

மூன்றாவது வருசம் முழங்கை கிழிந்தது. அதே முழங்கை. சத்திரசிகிச்சை செய்தார்கள். வேலியோரம் இருந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். அந்தப் பழைய நாள்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஒரு டொக்டராலும் சொல்ல முடியாது. அது காரணமில்லை என்றும் ஒருவராலும் சொல்ல முடியாது. அவன் ஒரு வருசம் கையைப் பழக்கி, வேகம் குறைந்த பந்தோடு நாலாவது வருசம் மைதானத்தில் இறங்கினான். ஒவ்வொரு மட்சிலும் கடைசிச் சுற்று மட்டும் எறிந்து, மூளையாலேயே ஆட்களை வீழ்த்தி, அந்த ரீமைப் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனான். பட்டத்தோடு திரும்பி வந்தான். இப்போது ஹ்விடோவ்ரே பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதமும் விளையாட்டும் படிப்பிக்கிறான். பத்து வருசமாக எங்கள் தமிழ்ச் சங்கமோ பழைய கிளப்போ அவனை ஒரு பரிசளிப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை.

இந்த வருசம் அந்தக் கல்லூரி தன்னுடைய சிறந்த வீரர்களின் வரிசையில் அவனுடைய பெயரைப் பொறித்தது. சுவரில் படம், மேடையில் அழைப்பு. இங்கே ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான், எல்லாருக்கும் எபன் சொந்தக்காரன் ஆகிவிட்டான். எங்கள் தமிழ்ச் சங்கமும் பழைய கிளப்பும் சேர்ந்து இஷொயில் பாராட்டு விழா என்று அறிவித்தார்கள். பொன்னாடை, கேடயம், கோச்சுக்கும் ஒரு கேடயம். வாழ்த்துரையைத் தமிழிலும் டேனிஷிலும் நான் வாசிக்க வேண்டுமாம், "ஸ்கோர் எழுதின எங்கட அக்கா" என்று. சங்கத் தலைவர் எழுதி அனுப்பினார்.

நடுவில் இந்த வரி இருந்தது: "பதினான்கு வயதில் இறுதி ஆட்டம் முழுவதையும் தனியொருவனாக, விதி அனுமதித்த எண்பத்தைந்து எறிகளுக்குள்ளேயே முடித்து வைத்த அபாரச் சிக்கனம்." எபனின் கேடயத்திலும் அதே வரி. கோச்சின் கேடயத்தில்: "இளம் வீரர்களின் கைகளைப் பாதுகாத்து வளர்த்த ஆசான்."

ஒரு பிள்ளைக்குச் செய்த அநியாயத்தைக் கழுவித் துடைத்து, அதையே அவனுக்கு மாலையாகப் போடுகிறார்கள். அதைச் செய்வித்தவருக்கும் ஒரு மாலை. அந்தப் பொய் எண்ணின் கீழே என்னுடைய கையெழுத்து. தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"அந்த வரியை எடுங்கோ தம்பி."

"ஏன் அக்கா? அதுதானே வடிவான வரி. நீங்கள் எழுதின கணக்குத்தானே?"

அடுத்த நாள் எபனுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை. முற்றத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொடங்க முன்னமே சொன்னான்: "தெரியும் அன்ரி. நூற்றிப்பத்து. நானும் எண்ணினனான்."

"அப்ப ஏன் ராசா ஒருதரிட்டையும் சொல்லேல்லை?"

அவன் பிள்ளைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் டேனிஷில் சொன்னான்: "எனக்கு அப்போது பதினாலு வயது. பெரியவர்கள் எல்லாரும் எண்பத்தைந்து என்றீர்கள். நான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச வருசம் அப்படியே நம்பினேன்."

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ, அன்ரி." தமிழில் சொன்னான். மணி அடித்தது, உள்ளே போய்விட்டான்.

சரிதானே? அவனிடம் கேட்டது இன்னொரு அநியாயம். பாரத்தைத் திரும்பவும் அவனுடைய கையில் வைக்கப் பார்த்தேன்.

விழாவுக்கு மண்டபம் நிறைந்த சனம். கல்லூரியில் அவன் பெற்ற விருதுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன், சந்தோசமாகத்தான் வாசித்தேன், அவை எல்லாம் உண்மை. அந்த வரிக்கு வந்ததும் தாளை மடித்தேன். "அடுத்த வரி பொய். அந்தப் பொய்யை எழுதினது நான்" என்றேன். நூற்றிப்பத்து என்று தமிழில் சொன்னேன், பிறகு டேனிஷில் சொன்னேன். யார் கேட்டது, எப்படிக் கேட்டது, நான் எப்படி அழித்தேன், பிறகு குழுவிடம் போய் என்ன பதில் வாங்கினேன், டொக்டருக்கு என்ன சொல்ல வைத்தேன் என்று எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிசம் இருக்காது.

கோச் முன்வரிசையில் எழுந்தார். இப்போது நரைத்துவிட்டார். "பழைய விசயம். ஏதோ எண்ணிக்கைக் குழப்பம். மலருக்கு அப்போது மொழி..." என்று தொடங்கினார். எபன் மேடையிலிருந்தே "குழப்பம் இல்லை" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கோச் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

தலைவர் ஒலிவாங்கியைப் பறிக்காத குறையாக வாங்கி, பரதநாட்டியம் தொடங்கும் என்று அறிவித்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. ஆட்களுக்குக் கோபம் வந்தது, என்னில். "நல்ல நாளைக் கெடுத்துப்போட்டியள் அக்கா. ஒரு அறைக்குள்ளை இருந்து கதைச்சிருக்கலாம்தானே" என்றார் தலைவர். ஒரு அறைக்குள் இருந்து ஏற்கெனவே கதைத்தோம் தம்பி, கேக்கும் வெட்டினோம் என்றேன். பதினாலு வயதுப் பிள்ளையின் கையை முறிக்கிற அளவுக்கு எறிய விட்டதில் ஒருவருக்கும் கோபம் இல்லை, விழா நிகழ்ச்சி குழம்பியதில் கோபம். கிளப்புக்கு மேலே இருக்கிற பேஸ்போல் சம்மேளனத்துக்கு என் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். பழைய பதிவுகள் திருத்தப்படுவதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எபன் தன்னுடைய கேடயத்தைத் திருப்பி அனுப்பி, அந்த வரி இல்லாமல் செய்து தரக் கேட்டான். செய்து கொடுத்தார்கள். கோச்சின் கேடயத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இன்றைக்கும் அவர் "கைகளைப் பாதுகாத்தவர்"தான்.

நான் மேசையை விட்டுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இனி என் கையெழுத்தை நம்பு என்று ஒரு பிள்ளையின் தகப்பனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

விழா நடந்து பத்து நாள் கழித்து, பின்னேரம், செல்வராசா வந்து கதவைத் தட்டினார். பஸ் சீருடையோடு. உள்ளே வாங்கோ என்றேன். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, எண்பத்தைந்து எண்டால் அது பெரிய எண்ணிக்கை இல்லை, வேறை என்னவோ காரணமாக்கும் எண்டு அண்டைக்கு டொக்டர் சொன்னவர். அப்ப நான் காரணத்தைத் தேடினன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டிட்டு மைதானத்துக்குப் போனம். கர்த்தர் அடிச்சுப்போட்டார் எண்டு நினைச்சன். இருபது வருசம் ஒவ்வொரு ஞாயிறும் அதுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறன்."

நான் கதவை இன்னும் அகலத் திறந்து விலகி நின்றேன்.

"நான் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை" என்றார். "அவனையும் கேக்கப் பண்ணினனான். சின்னப் பிள்ளை. பக்கத்திலை முழங்காலிலை இருத்தி, உன்ர கை உன்ர பாவத்தாலைதான் போனது, மன்னிப்புக் கேள் எண்டு. அவன் ஒண்டும் பேசாமல் கேட்டவன். அவனும் எறியை எண்ணினவனாமே. அந்த எண்ணை மனதிலை வைச்சுக்கொண்டே கேட்டவன்."

"தம்பி..." என்றேன்.

"நீங்கள் ஒருக்கா எண்டாலும் வந்து சொல்லியிருக்கலாம் அக்கா. மூண்டு கட்டடம்தானே."

தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். லிஃப்ட் வேலை செய்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

உங்கள்
மலர் அன்ரி
இஷொய்